திறந்துவிட்ட பாட்டில்

ஜூலை 18, வெள்ளி. சிதம்பரம்.

தூக்கம் வரவில்லை. இன்று கடலூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி எங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வந்தார். மண்டபம் கடலோரப் பவளப்பாறையில் நான் மாதாமாதம் எடுத்துவரும் கடல்நீர் மேசையில் இருந்தது. இந்தத் தடவை அலை மோசம், ஒரே பாட்டில்தான் கிடைத்தது. காற்றுப் பட்டால் அதில் கரைந்திருக்கும் கரியமில வாயுவின் அளவு மாறிவிடும் என்று ஒரு குமிழ்கூட இல்லாமல் மூடி வைத்திருந்தேன். போட்டோவுக்காக அந்த அதிகாரி அதைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டார்.

"சார், கெட்டுப்போவாம இருக்க பாதரச உப்பு போட்டிருக்கு. விஷம்!" என்றேன். பதறிப்போய்க் கையை உதறினார்.

அவர் போனதும் எங்கள் துறைத் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "வந்தவுங்கள இப்படியா பயமுறுத்துவ?"

"இந்த மாசத் தண்ணி போச்சு சார். ஆடிக் காத்துல இனிமே படகு போவாது."

"அதுக்கென்னம்மா? போன மாசத்தையும் அடுத்த மாசத்தையும் பாத்து நடுவுல ஒரு நம்பர் போட்டுடு."

கடல் சொல்ல வேண்டியதை நான் சொல்ல வேண்டுமாம்.

இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் அந்த போட்டோ வந்திருக்கிறது. "கடலைக் கையில் ஏந்தியவர்" என்று துறைத் தலைவர் எழுதியிருக்கிறார். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். நானும் தட்டினேன்.