துவக்குப் பெட்டி

12 நவம்பர் 1996, இரவு

மியூசிய மேலாளனுக்குச் சுமை தூக்கும் எங்கள் காலைவிடத் துவக்குதான் பெரிது. அமெரிக்கா புதுக் குடியரசாக இருந்த காலத்தில் எல்லைக் கோட்டைகளுக்கு மாட்டுவண்டியில் அனுப்பிய துப்பாக்கிகளாம். கண்காட்சிக்கு வந்திருந்தன. தள்ளுவண்டியில் குலுங்கும் என்று, பெட்டியைக் கையால் தூக்கிப் படியேறச் சொன்னான். அது வழுக்கி, என்னோடு தூக்கிய செல்வம் அண்ணையின் பாதத்தில் விழுந்தது. மேலாளன் ஓடிவந்து பெட்டியைத் திறந்து, வைக்கோலை விலக்கித் துவக்கைத் தடவிப் பார்த்தான். நான் கத்தினேன்.

"சத்தம் போடாதை தம்பி, எனக்கு வேர்க் பெர்மிட் இல்லை," என்றார் அண்ணை. பிறகு சிரித்தார். "ஊரில ஆமிக்காரன்ர துவக்குக்குத் தப்பி வந்தனான். உந்தக் கிழட்டுத் துவக்கு வெடிக்காமலே விழுத்திப்போட்டுது."

இப்போது எங்கள் அறையில் பக்கத்துக் கட்டிலில் முனகுகிறார். கால் வீங்கிக் கறுத்துவிட்டது. எழுதுவதை நிறுத்தி மறுபடியும் சொன்னேன்: "எழும்புங்கோ அண்ணை, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.