அரக்கு நிறக் கோடி

திருச்சுழி
2.3.2025

அன்புத் தம்பி உக்கிரபாண்டிக்கு,

"யாரு எவருன்னே தெரியாத ராணிக்கு எப்படி டீச்சர் அழுகுறது?" என்று எங்கள் நாடகத்தில் ஒப்பாரி வைக்கும் முத்துப்பேச்சி போன வாரம் என்னைக் கேட்டாள். அவளுக்குப் புரிகிற மாதிரி ஓர் உதாரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்த ஆசை இது. இரண்டாயிரத்தைந்நூறு வருடப் பழமையான கிரேக்க நாடகம் ஒன்றை நம் ஊர்ப் பேச்சில், இந்தக் காலத்துக் கதையாகப் போடுகிறோம். ராஜா செல்போனில் உத்தரவு போடுவார். ராணி நான்தான். கடைசியில் இறந்துவிடுவேன், பெண்கள் ஒப்பாரி வைக்க வேண்டும். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி கூடாது என்பதால், வற்றிய கண்மாய்க்குள் ஒத்திகை.

என் மகள் நாகஜோதியை உன் மகனுக்குக் கொடுக்கவில்லை என்று நீ பேச்சை நிறுத்தி ஆறு வருடம். போனைத்தான் எடுக்க மாட்டாய், கடிதத்தையாவது பிரி. இருபத்து மூன்றாம் தேதி நாடகம். வா.

உன் அக்கா
சங்கரம்மாள்


பாலவனத்தம்
12.3.2025

அக்காவுக்கு,

கடிதத்தை நேற்று ராத்திரிதான் பிரித்தேன். முன்பே பிரித்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

நேற்றுக் காலை நரிக்குடி போய்வந்த நம் ஊர் ரத்தினம், "ஏலே, ஒங்க அக்கா போயிட்டாகளாமே. பஸ்ஸு கண்மாயத் தாண்டையில, 'சங்கரம்மா டீச்சரே'ன்னு பொம்பளைக அழுகுறாக" என்றான். ஆறு வருடம் கழித்து உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை.

செத்தவள் உடம்பின் மேல் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தானே போர்த்த வேண்டும்? அருப்புக்கோட்டையில் இறங்கிச் சேலை எடுத்தேன். "கோடிக்குத்தான, ஏதாச்சும் ஒண்ண எடுங்க" என்றார் கடைக்காரர். உனக்குப் பிடித்த அரக்கு நிறம் கிடைக்கும்வரை நான் விடவில்லை.

கண்மாய்க் கரையில் ஏறிப் பார்த்தால், நீ நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் சத்தமா அழுகணும்டி முத்துப்பேச்சி" என்கிறாய். உயிரோடு இருப்பவள் முன்னால் கோடியோடு எப்படி வருவது? திரும்பிவிட்டேன். அதை வீட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாமல் மாட்டுக்கொட்டகையில் செருகி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் அழுதிருக்கிறேன். உனக்கு இது விளையாட்டா?

உக்கிரபாண்டி


திருச்சுழி
15.3.2025

அன்புத் தம்பிக்கு,

விளையாட்டு இல்லை, பிழை என்னுடையது. பின்னம் புரியாத பிள்ளைக்கு முறுக்கை உடைத்துக் காட்டியே பழகியவள் நான். "ராணிய விடுங்க, நானே செத்ததா நெனச்சு அழுங்க" என்று உதாரணம் சொன்னேன். முத்துப்பேச்சி உடனே தேம்பிவிட்டாள். பாலவனத்தத்தில் ஒருவன் அழுவான் என்று நான் நினைக்கவே இல்லை.

கோடி என்ன நிறம் என்று செத்தவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. அதையே கட்டிக்கொண்டு மேடை ஏறப்போகிறேன். "ஆகாது டீச்சர்" என்கிறாள் முத்துப்பேச்சி. "எந்தம்பி எடுத்தது, எனக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டேன். நாகஜோதியும் வருகிறாள், மாமா வருவாரா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

இருபத்து மூன்றாம் தேதி காலையில் அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறு.

உயிரோடு இருக்கும்
உன் அக்கா