வாத்துக்குப் பயந்தவன்

மார்ச் 6, 1881. ஞாயிறு. நாச்செஸ்.
ஆராதனை முடிந்ததும் போதகர் டில்மன் வழக்கம்போல் பத்திரிகையைப் பிரித்தார். அடிமைக் காலத்தில் ஆளுக்கொரு திசையில் விற்கப்பட்ட உறவுகளைத் தேடும் அறிவிப்புகள். ஊர் ஊராக எல்லாச் சபைகளிலும் வாசிப்பார்கள். என்னுடையதும் வந்தது! "வர்ஜீனியாவில் ஹாக்கின்ஸ் துரையின் தோட்டத்தில் இருந்த என் தம்பி ஜூபிட்டரைத் தேடுகிறேன். நல்ல உயரம். சிங்கம் போல் தைரியசாலி. இப்படிக்கு அக்கா டார்க்கஸ்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ்தான் காதருகே குனிந்தார். "ஏன்டி, அவன விக்கிறப்ப ஆறு வயசுன்னுதானே சொன்னே? ஆறு வயசுல என்னத்த உயரம்?"

சபை முழுக்கக் கேட்கிற அறிவிப்பு. பின்னே எப்படி எழுதுவதாம்?

மார்ச் 29.
வந்துவிட்டான்! மெம்பிஸிலிருந்து. நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். "அக்கா!" என்று அழுதான். நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தாடி முழுக்க நரை. எனக்கே அண்ணன் மாதிரி இருக்கிறான்.

மார்ச் 31.
சோளரொட்டி காலி. வெல்லப்பாகும் காலி. நிஜமாகவே நீ ஜூபிட்டர்தானா என்று கேட்டே விட்டேன். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.
"நான் உன் தம்பி இல்லம்மா. என் அக்கா கெசியாவத் தேடித் தேடி அலுத்துப்போச்சு. யாரோ ஒரு அக்கா தம்பியத் தேடுறான்னு கேட்டதும் கால் நிக்கல."
திட்ட வாய் வரவில்லை. மீன் பொரித்துக் கட்டிக்கொடுத்து அனுப்பினேன். கெசியா பெயரையும் வாசிக்கும்படி டில்மனிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 3.
பக்கத்து வீட்டு லுவீனியா பிடித்துக்கொண்டாள். "உன் தம்பியப் பத்தி நெசமா என்னடி ஞாபகம் இருக்கு?"
சொன்னேன். வாத்து. துரை வீட்டு வாத்து ஒருநாள் அவன் பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. நான்தான் துடைப்பத்தால் அடித்து விரட்டினேன். அதற்குப் பிறகு வாத்துச் சத்தம் கேட்டாலே என் பாவாடைக்குப் பின்னால்தான் இருப்பான்.
"அதப் போடுடி!"
தேவாலயத்தில் வாசிக்கிற சமாசாரமா அது? மாட்டேன்.

ஏப்ரல் 5.
பெயரையும் மாற்றியிருப்பான். துரை வைத்த பெயரை யார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? சிங்கம் என்று கேட்டுவிட்டு, இது நாமில்லை என்று எழுந்து போயிருந்தால்? ஐயோ— மானமாவது மண்ணாவது. வாத்தைப் போட்டாயிற்று.

ஏப்ரல் 24. ஞாயிறு.
வாசித்தார். 'பின்பக்கம்' வந்ததும் போதகரே வேதாகமத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். சபை உருண்டு உருண்டு சிரித்தது. ஆம்ப்ரோஸ் எழுந்து வெளியே ஓடிவிட்டார்.

மே 12.
ஒருவரும் வரவில்லை.

ஜூன் 9.
மதியம் முற்றத்தில் வக்கீல் வீட்டுச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கறுப்புக் கோட்டும் உயர்ந்த தொப்பியுமாக ஒரு குட்டை மனிதர் வாசலில் நின்று கத்தினார்.
"நான் எலியாஸ் ஃப்ரீமன்! விக்ஸ்பர்க் சபை மூப்பர்! முன் வரிசையில உக்காந்திருக்கேன், அந்த வாத்துக் கதைய வாசிக்கிறாங்க! ஊரே சிரிக்குது, நான் ஒருத்தன் அழுவுறேன். எழுத உனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?"
பார்த்தேன். அப்படியே அம்மாவின் நெற்றி.
"மொதல்ல சிங்கம்னுதான்டா போட்டேன்."
"அதையும் கேட்டேன். அது வேற எவனோன்னு விட்டுட்டேன்."

அந்த நேரம் பார்த்து லுவீனியாவின் வாத்து முற்றத்துக்குள் நுழைந்து கழுத்தை நீட்டியது. மூப்பர் தொப்பி பறக்க ஓடிவந்து என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

ஏலம் போட்ட அன்றும் இப்படித்தான் ஒளிந்தான். அங்கிருந்துதான் அவனைப் பிய்த்து இழுத்துப் போனார்கள்.

இன்று யாரும் இழுக்கவில்லை. வாத்துகூடச் சலித்துத் திரும்பிப் போய்விட்டது. அவன் பிடியை விடவில்லை, நானும் நகரவில்லை. இஸ்திரிப்பெட்டியின் கீழே வக்கீலின் சட்டை கருகியது. கருகட்டும்.