கை நீட்டினால் நிற்கும் கார்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் இருக்கும் அப்பாவுக்கு, மகள் இளவேனில் வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? மழையில் ஆட்டோ ஓட்டாதீர்கள். நான் நலம்.

அயர்லாந்தில் நான் வேலை பார்க்கும் இந்தச் சின்ன ஊரில், லீவு நாட்களில் ஏரி வரை நடப்பேன். எதிரே காரில் வருகிறவர்கள், முன்பின் தெரியாதவர்களுக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள். நேற்று பதிலுக்கு நானும் கையை நீட்டினேன், பெங்களூரில் ஆட்டோவை நிறுத்துகிற மாதிரி. கார் நின்றேவிட்டது!

"எங்கேம்மா போகணும்?" என்றார் ஓட்டி வந்த பெரியவர்.

"ஜோகுபாளையம்" என்று வாய்வரை வந்துவிட்டது. சிரித்துச் சமாளித்தேன்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது, ஒன்றே ஒன்று. இங்கே யாருமே ஹாரன் அடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் உட்கார்ந்தே போன் செய்யுங்கள். முதலில் ஒரு தடவை ஹாரன் அடியுங்கள், அப்புறம் பேசலாம்.

உங்கள் மகள்,
இளவேனில்