தண்ணி லாரி மோசஸுக்காக ஒரு ஜெபம்

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தயாளன் பிரதரின் போன். அவர் நடத்தும் ‘விடியல் தூது’வில் என் தொடர்கதை பல மாதமாக அந்தரத்தில் நிற்கிறதாம். “வாசகர்கள் கேக்கறாங்க சிஸ்டர்” என்றார். எந்த வாசகர்கள்? இத்தனை வருடமாகச் சபைப் பத்திரிகைக்கு விசுவாசக் கதைகள் எழுதுகிறேன். நல்லது என்று சொல்லவோ, கெட்டது என்று திட்டவோ ஒருத்தர் வாயைத் திறந்ததில்லை. என் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிற மனிதர் ஒருவர்தான் இருந்தார். காபி ஆறும்வரை படிப்பார். “பியூ, இந்த எடத்துல நீ பிரசங்கம் பண்ற” என்று விரலை வைத்துக் காட்டுவார். எனக்குக் கோபம் வரும். பிறகு அந்த வரியை அடித்துவிடுவேன்.

ஏப்ரலில் அவர் போய்விட்டார், என் கணவர் எபி. பிள்ளைகளும் இல்லை. இனி யாருக்கு எழுத?

தயாளன் பிரதர் விடுவதாக இல்லை. “கடைசி அத்தியாயம்தான் என்கிட்ட ரெடியா இருக்கே. அக்டோபர்ல அதைப் போட்டு முடிச்சிடலாம்.”

அது அவரிடம் இருப்பதை மறந்தே போயிருந்தேன். இல்லை, பொய். மறக்கப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6

எழுதி வைத்துவிடுகிறேன், பாரம் குறையுமா பார்க்கலாம்.

மோசஸ் என் கதாநாயகன். மேடவாக்கம் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். போன வருடமே அவன் வயிற்றில் ஒரு கட்டியை வைத்துவிட்டேன் – கதைக்கு வேண்டுமே. எபிக்கு ஸ்கேன் எடுத்தது பிப்ரவரியில். கணையத்தில் கட்டி.

அந்த வாரம் உபவாச ஜெபத்தில் பிரசங்கியார் சொன்னார்: கேட்டது கிடைத்துவிட்டதென்றே நம்பி, இப்போதே நன்றி செலுத்திவிடுங்கள். மற்றவர்கள் முன்கூட்டியே ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்கள். என்னிடம் என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து கடைசி அத்தியாயத்தை எழுதினேன். மோசஸின் கட்டி மறைகிறது. டாக்டர் வாயடைத்து நிற்கிறார். அவன் லாரியில் ஏறிக் கிளப்புகிறான். எபிக்குப் படித்துக் காட்டினேன். “இத்தனை மாசமா நின்ன வண்டி, பேட்டரி இறங்கியிருக்கும். தள்ள ஆள் வேணும்னு எழுது” என்று சிரித்தார். அன்றைக்கே தயாளன் பிரதருக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். நான் சொன்னதும் போடுங்கள் என்றேன்.

கட்டி வரும் என்று எழுதினது பலித்தது. மறையும் என்று எழுதினது பலிக்கவில்லை. நான்தான் எழுதி வரவழைச்சேனா? கணக்கு டீச்சர் இப்படி யோசிக்கலாமா? யோசிக்கிறேனே.

ஆகஸ்ட் 13, புதன்

மாடம்பாக்கத்தில் ஜெசிந்தா சிஸ்டர் வீட்டில் ஜெபக் கூட்டம். எபி போனபின் இன்றுதான் போனேன். ஜெசிந்தா சிஸ்டர் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி வேண்டுவார், நாங்கள் ஆமென் சொல்வோம். மைக் தேவையில்லாத குரல். ஒருத்தரின் சர்க்கரை, ஒருத்தரின் முழங்கால், யாரோ ஒரு பேரனின் விசா. அப்புறம் –

“தண்ணி லாரி மோசஸை நினைச்சருளும் ஆண்டவரே! ரெண்டு சின்னப் பிள்ளைங்க. ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனாங்க, அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல. அந்த டாக்டர் கையை நீர் பிடிச்சுக்கும்!”

கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அழுகிறார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையை வாயில் பொத்தியிருந்தார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக. அதை அடக்கப் போய் அழுகை வந்துவிட்டது.

தப்பு இரண்டு பேருடையது. இடம் போதவில்லை என்று தயாளன் பிரதர் என் தொடரைச் சாட்சிப் பக்கத்தில், உண்மையாகச் சுகமானவர்களின் நடுவில் போட்டுக்கொண்டிருந்தார். கற்பனை என்று ஒரு வார்த்தை போடச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. காபி குடிக்கும்போது ஜெசிந்தா சிஸ்டர் கேட்டார்: “வெள்ளிக்கிழமை தோறும் அவருக்காக உபவாசம் இருக்கோம். அவர் வீடு எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்.”

தெரியாது என்று சொல்லி முறுக்கை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14

எபி பேரை யாரும் சொல்லவில்லை. போனவர் பேரை நோயாளிகளோடு சேர்த்துச் சொல்ல மாட்டார்கள், சரிதான். ஆனாலும் – என் புருஷன் பேர் இருந்த எடத்துல நான் உண்டுபண்ணின ஒருத்தன் வந்து உக்காந்துட்டான். அவனுக்குப் பட்டினி கிடக்கறாங்க. அவனுக்கு அழறாங்க. எனக்கு மோசஸ் மேல பொறாமை. வெட்கமா இருக்கு, ஆனா பொறாமைதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஓர் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்ல எடத்துல இருக்கார் சிஸ்டர், அழக்கூடாது.” இரும்புலியூரில் என்னோடு இருந்தாரே, அது என்ன கெட்ட இடமா? கேட்கவில்லை. தலையாட்டினேன்.

தயாளன் பிரதரிடம் அந்த அத்தியாயத்தைப் போடாதீர்கள் என்று நேரிலேயே சொன்னேன்.

“கதைதானே சிஸ்டர்,” என்றார். “மோசஸாவது பொழைக்கட்டுமே.”

இரக்கமாகத்தான் சொன்னார். வீடு வந்து சேரும்வரை ஆட்டோவில் அழுதேன்.

செப்டம்பர் 7

அவன் பிழைத்தால் நான் பொய் சொல்கிறேன். செத்தால் அந்தப் பெண்கள் இடிந்துபோவார்கள். என்னால் இரண்டும் ஆகாது. இனி எழுதப் போவதில்லை, தொடரை அப்படியே நிறுத்திவிடுங்கள் என்று தயாளன் பிரதருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். பதிலுக்கு இரண்டு கும்பிடும் கைகள் வந்தன.

செப்டம்பர் 11, வியாழன்

டேங்க் கழுவ ஆள் வருகிறது என்று சொல்ல ஹேமாவதி மாடிக்கு வந்தாள். வீட்டுக்காரம்மா. இந்தத் தெரு வயலாக இருந்தபோதே அவர்கள் குடும்பம் இங்கே இருக்கிறது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். அவள் இதைக் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

“இன்னா டீச்சர், அந்த புக்கு இப்பல்லாம் வர்றதே இல்ல? சார் இருந்தப்ப படிச்சிட்டுக் கீழ குடுத்துடுவாரு.”

எபி இதை என்னிடம் சொன்னதே இல்லை. கதையை நிறுத்திவிட்டேன் என்றேன்.

“அப்ப அந்த லாரிக்காரன்?”

“பொழைப்பானா போவானான்னு எனக்கே தெரியல ஹேமா.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அவன் கெடக்கட்டும் டீச்சர். நானும் மொதல்லேர்ந்து பாத்துகினுதான் கீறேன். அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்குது, நிக்குது, நின்னுகினே கீது. அது ஒரு வாய் துன்னுச்சான்னு நீங்க ஒரு வரி எழுதல. அதுக்கு ஒரு பேருகூட வெக்கல.”

அவள் போனதும் பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். ‘மோசஸின் மனைவி கண்ணீரோடு ஜெபித்தாள்.’ எல்லா அத்தியாயத்திலும் அதேதான். வேறு வேலையே கொடுக்கவில்லை அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் என்னையும் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. எபி கேட்டார். பேச்சு நின்றுபோன நாளில்கூட விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

செப்டம்பர் 12

ரோஸ்லின். அவள் பேர் ரோஸ்லின்.

செப்டம்பர் 20, சனி

எழுதி முடித்துவிட்டேன்.

மோசஸ் கண் விழிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ரோஸ்லின் கையில் ஒரு பன்னைக் கொடுக்கிறார்கள். முழுசையும் தின்றுவிடுகிறாள். தின்ற பிறகு, இந்த நேரத்திலும் பசித்ததே என்று கூசிப்போகிறாள். சபையார் வந்து ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிறார்கள். அவளுக்கு வரவில்லை. எல்லாரும் போன பிறகு ஆண்டவரிடம் சொல்கிறாள்: உம்மோட நான் பேச மாட்டேன். காலையில் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. வேறு டிரைவர். லாரி யாருக்காகவும் நிற்காது என்பதால் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

அவ்வளவுதான். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. இது விசுவாசக் கதையா? இல்லாத ஒருத்தரோடு யாரும் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதில்லையே. எனக்கு இப்போதைக்கு இருக்கிற விசுவாசம் இவ்வளவுதான்.

முடித்ததும் பழக்கத்தில் தாள்களை எடுத்துக்கொண்டு படுக்கையறைப் பக்கம் போனேன். பாதி வழியில்தான் நினைவு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யார்கிட்ட படிச்சுக் காட்டுவேன் எபி?

செப்டம்பர் 23

தயாளன் பிரதர்: “எழுத்து நல்லா இருக்கு சிஸ்டர். ஆனா கடைசியில வாசகர் முழங்கால் போடணும். இதைப் படிச்சா படுத்துடுவாங்க. பழைய அத்தியாயத்தையே போட்டுக்கறேனே.”

“அதைப் போடாதீங்க பிரதர். அது நான் ஆண்டவருக்குக் குடுத்தது. அவர் வாங்கிக்கல.”

நானே போனை வைத்தேன். இந்தப் பேச்சை நான் பேசினேனா?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை, பள்ளி விடுமுறை. மாடம்பாக்கம் ரோடு முழுக்க வண்டிகளுக்கு மாலை, வாழைக்கன்று. ஒரு தண்ணீர் லாரிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. இருந்தும் ஜெசிந்தா சிஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

ஜெபம் தொடங்குமுன் சொல்லிவிட்டேன். மோசஸ் என்று ஒருத்தர் இல்லை. நான் எழுதின ஆள்.

ஒருத்தர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப வெள்ளிக்கிழமை நாங்க பட்டினி கிடந்தது?” ஜெசிந்தா சிஸ்டர் முகம் சிவந்துபோய் உள்ளே போனார். பாத்திரங்கள் பேசின. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தார்.

“ஜெபம் எங்கயும் வீணாப் போகாது. மோசஸ் இல்லேன்னா வேற எவனோ ஒரு லாரிக்காரனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நல்லா இருக்கட்டும். சரி, உக்காருங்க. அவர் பொழைச்சாரா இல்லியா?”

பையில் இருந்த அத்தியாயத்தைப் படித்தேன். பன் தின்கிற இடத்தில் அதே வரியை இரண்டு தரம் படித்துவிட்டேன். முடிந்தபோது ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஜெசிந்தா சிஸ்டர்தான் பேசினார், அந்தப் பெரிய குரல் இல்லாமல்.

“எபிநேசர் பிரதருக்கு நிச்சயம் சுகம் வரும்னு உங்க முன்னாடி அடிச்சுச் சொன்னவ நான். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றதுன்னுதான் உங்க வீட்டுப் பக்கமே வரல.”

நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அக்டோபர் 4

ஜெசிந்தா சிஸ்டர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கிழக்குத் தாம்பரத்தில் பத்திரிகை அறைக்கே போய்விட்டாராம். “நாங்க உபவாசம் இருந்த ஆளு அவரு. எப்படிப் போனார்னு தெரிஞ்சுக்க எங்களுக்கு உரிமை உண்டு. மூடி மறைக்காதீங்க.”

தயாளன் பிரதர் அடங்கின குரலில் போன் செய்தார். புது அத்தியாயம் நவம்பரில் வருகிறது. மேலே ‘கற்பனைக் கதை’ என்று கொட்டை எழுத்தில். கீழே என் போன் நம்பர் – “இனிமே கேள்வி எல்லாம் உங்களுக்கே வரட்டும் சிஸ்டர்.”

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஒரே கூட்டம், மெழுகுவர்த்தி வாசனை. பத்திரிகையைக் கொண்டுபோயிருந்தேன். எபிக்குப் படித்துக் காட்டலாம் என்றுதான். பக்கத்துக் கல்லறைக் குடும்பம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, வெட்கமாகப் போய்விட்டது. எங்கேயோ ஓர் இடத்தில் விரலை வைத்து, இங்க பிரசங்கம் பண்ற என்று சொல்லியிருப்பார். எந்த இடம்? அது தெரியாமல் மனசு ஆறவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை, பள்ளி கிடையாது. மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு பெண், சின்ன வயசுக் குரல். பெருங்களத்தூராம். கிளினிக்கில் காத்திருந்தபோது யாரோ விட்டுப்போன பத்திரிகையைப் படித்தாளாம். அவள் வீட்டுக்காரர் ஆகஸ்டில் தவறிவிட்டார்.

“கதன்னுதான் போட்ருக்கு, தெரியும்க்கா. ஆனா ஒண்ணு கேக்கணும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அந்த ரோஸ்லின் அக்கா, அவங்க வூட்டுக்காரர் போன் நம்பருக்கு இன்னும் ரீசார்ஜ் பண்றாங்களா? இல்ல, நிறுத்திட்டாங்களா? எங்க வூட்ல எல்லாரும் என்னிய பைத்தியம்ன்றாங்க.”

அது கதைம்மா, அப்படி ஓர் இடம் அதில் வரவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“போன வாரம்தாம்மா பண்ணேன்” என்றேன்.

மழை மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது.

“சரிக்கா,” என்றாள். “அப்ப நானும் பண்ணிடறேன்.”

அவள் பேரைக் கேட்க மறந்துவிட்டேன். அரிசியை ஊறப்போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.