லேசான கல்

இன்று காலை ஆபீசில் என் மேஜைமேல் ஒரு நோட்டீஸ் கிடந்தது. அச்சு மை காயவில்லை, விரலில் ஒட்டியது. உறையூரில் புதிதாகத் தேகப்பயிற்சிசாலை திறக்கிறார்களாம். பத்திரிகையில் இரண்டு வரி போட வேண்டுமாம். நோட்டீஸின் தலையில் ஒரு படம். மல்லாந்து படுத்தவன் நெஞ்சில் கல், பக்கத்தில் சம்மட்டியை ஓங்கியபடி ஒருவன். நீ போய்ச் சேர்ந்து இன்றோடு பதினெட்டு நாள். நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அப்போது நமக்கு இருபது வயது. உனக்குப் போலீஸில் சேர்ந்தாக வேண்டும். அப்பா படுக்கையில் விழுந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. உயரம் போதும், மார்பு அளவுதான் இடித்தது. ஆளெடுப்புக்கு ஐந்து மாதம் இருந்தது. நான் அப்போதுதான் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஸ்ரீரங்கத்துச் செய்திகள் எழுதத் தொடங்கியிருந்தேன். "எங்கே சேரலாம்னு நீயே பார்த்துச் சொல்லுடா. நாலு பேரை விசாரிக்கிறவன் நீதானே" என்றாய்.

பார்த்தது இரண்டு இடம். ஒன்று, அம்மா மண்டபத்துக்குச் சற்றுத் தள்ளி ஆற்றோரத் தோப்பில் இருந்த கோதா. அங்கிருந்த பயில்வான் உன்னை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். மூன்று மாதம் தண்டாலும் பஸ்கியும் மட்டும்தான், கர்லா கட்டையைத் தொடவே கூடாது என்றார். உனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. மற்றது பாலத்தைத் தாண்டி, தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாடியில். ஆளுயரக் கண்ணாடி, வரிசையாக இரும்புக் குண்டுகள், சுவர் முழுக்க வாத்தியாரின் போட்டோ. சேர்ந்த அன்றே குண்டு தூக்கலாம்.

"மூணு மாசம் மண்ணுல உக்காந்து எந்திரிக்கப் போறியா? நீ போலீஸுக்குப் போறியா, நாத்து நடப் போறியா?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே என் பின்னால் பாலத்தைத் தாண்டினாய்.

இரண்டு இடத்திலும் நான் வாத்தியார்களைத்தான் பார்த்தேன். அங்கே பழகிக்கொண்டிருந்த ஒருவனிடமாவது, வந்து எத்தனை நாளாச்சு, உனக்கு என்ன பலன் என்று கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் உன் மார்பு ஏறியது உண்மை. சட்டைப் பித்தான் பூட்ட மாட்டேன் என்கிறது என்று தெருவில் நின்று காட்டினாய். பிறகு ஆண்டு விழா வந்தது. ஒவ்வொரு வருஷமும் விழாவில் கடைசியாகச் சேர்ந்தவன் நெஞ்சில் கல்லை வைத்து உடைப்பது அந்தப் பயிற்சிசாலையின் வழக்கம். தடியன் நெஞ்சில் உடைத்தால் எவன் கைதட்டுவான் என்பார் வாத்தியார். விழாவுக்குப் போலீஸ் அதிகாரி ஒருவர் வருகிறார், அவர் கண்ணில் பட்டால் உனக்கு நல்லது என்றும் சொல்லிவைத்திருந்தார். நீ எப்படி மறுப்பாய்?

விழாவன்று கீழே முற்றத்தில் இரண்டு கருங்கற்கள் கிடந்தன. பெரியதைப் புரட்டவே நாலு பேர் வேண்டும். மற்றது அதில் பாதிகூட இல்லை. நீ உள்ளே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாய். வாத்தியாரிடம் போய், "புதுசுங்க, பாரம் தாங்க மாட்டான். சின்னதைப் போடுங்க" என்றேன். அவர் கல்லையும் என்னையும் பார்த்துவிட்டு, சரி தம்பி என்றார். விஷயம் அவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து. ஒரு கல்குவாரி விபத்தைப் பற்றி எழுதப் போனபோது கல்லுடைக்கும் ஒருவரிடம் கேட்டேன். "கனமான கல்லுன்னா அடியை அதுவே வாங்கிக்குங்க. லேசான கல்லுன்னா கீழே கிடக்கிறவன்தான் வாங்கணும்" என்றார்.

அன்று விழாவில் சம்மட்டி ஒரே அடி. கல் இரண்டாகப் பிளந்தது, கூட்டம் கைதட்டியது. நீ எழுந்து கும்பிட்டாய். உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்தவன் பேச வாயெடுத்தாய், மூச்சு வரவில்லை. விலா எலும்பு இரண்டு. அந்த விழாவைப் பற்றி நான் எழுதியதுதான் பத்திரிகையில் வெட்டுப்படாமல் வந்த என் முதல் செய்தி. 'விழா இனிதே நிறைவுற்றது' என்று முடித்திருந்தேன்.

ஆளெடுப்பு அன்று நாடாவைப் பிடித்தவர் மூச்சை நன்றாக இழு என்று மூன்று முறை சொன்னார். உன்னால் முடிந்த வரைக்கும் இழுத்தாய். அதற்கப்புறம் பெரிய கடை வீதியில் ஜவுளிக்கடை, ஆயுசுக்கும் கெஜக்கோல். என்னைக் கண்டால் மட்டும், "என்னப்பா ரிப்போர்ட்டர், இன்னிக்கு எது இனிதே நிறைவுற்றது?" என்பாய். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாய். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாய். "அன்னிக்கு வாத்தியார்கிட்ட தனியாப் போய் என்னடா பேசினே? உள்ளேருந்து பார்த்தேன்" என்றாய்.

இத்தனை வருஷமும் அதைக் கேட்காமல் வைத்திருந்திருக்கிறாய்.

போட்டோ எடுப்பார்களா என்று விசாரித்தேன் என்றேன்.

"எடுத்திருக்கலாம். அன்னிக்குத்தான் எனக்கு மார்புன்னு ஒண்ணு இருந்துச்சு."

மூன்றாம் நாள் போய்விட்டாய். நுரையீரல் என்றார் டாக்டர். பழைய அடிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை. பிழைப்புக்காக ஊரில் எல்லாரையும் கேள்வி கேட்கிறவன், அந்த ஒரு கேள்வியை வாயில் வைத்துக்கொண்டே வெளியே வந்தேன். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது.

நீ கேட்டதற்காவது சரியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கல்லைப் போடச் சொன்னேன்.