ஹாயாவுக்குக் காது கேட்டது

ஜெனீவா, 14.02.2016

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

எங்கள் முதியோர் இல்லத்தில் இஸ்ரேலில் இருந்து வந்த ஹாயா என்ற மூதாட்டி இருந்தார். ஆங்கிலேயத் தலைமைத் தாதி Chaya என்று எழுதியிருந்த அவரது பெயரை ஆங்கில வழக்கப்படி 'சாயா' என்று வாசிக்க, எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். அவர் திரும்பவே மாட்டார். புத்தி மாறிவிட்டது என்று எழுதி, அறையைப் பூட்டினார்கள். அவரது மகள் தொலைபேசியில் அந்தப் பெயரைச் சொன்னதைக் கேட்டு நான் "ஹாயா" என்றேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தாதியிடம் சொன்னேன். "உன்ரை பேரே எங்கடை வாயில வராது, நீ எங்களுக்குப் படிப்பிக்கிறியோ?" என்று சிரித்துவிட்டு, என்னைச் சமையலறைக்கு மாற்றினார். போன கிழமை ஹாயா பூட்டிய அறையிலேயே இறந்துபோனார்.

யோசிக்க வேண்டாம், சமையலறையில் குளிர் இல்லை. மிளகாய்த்தூள் அனுப்புங்கள். ஞாயிறு கதைக்கும்போது என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பஸ் வருகிறது.

மகள்
யசோதராதேவி